சக்கரக் கப்பலில் துளுக்கிய கிடாய்

மோட்டார் படகில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பிகளுக்கு எந்திரத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, உங்கள் மேஸ்திரி இருக்கிறார். படித்துக்கொள்ளுங்கள், திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் எழுதப் போவது படகில் ஏறுகிற மனிதர்களைப் பற்றி. முப்பது வருசத்துக்கு மேல் தண்ணீரில் வேலை பார்த்தேன். எந்திரம் என்னை ஏமாற்றிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனிதர்கள் என்னைத் திகைக்க வைத்த நாட்களை எண்ண முடியாது.

நான் முதலில் ஏறியது நீராவிக் கப்பலில். மேட்டூர் அணை கட்டி, காவேரி கண்ணுக்கெட்டிய தூரம் தேங்கி நின்ற புதிது. சேலத்து முதலாளி ஒருவர் எங்கோ வடக்கே ஓடிக்கொண்டிருந்த பழைய கப்பல் ஒன்றை வாங்கி, பிரித்து, ரயிலில் கொண்டுவந்து, கரையில் வைத்தே மறுபடி பூட்டினார். தட்டையான அடி. இரண்டு விலாவிலும் ஆள் உயரத்துக்கு மேல் ஒவ்வொரு சக்கரம், சக்கரத்தைச் சுற்றிலும் பலகைகள். விறகு எரியும், சக்கரம் சுற்றும், பலகைகள் தண்ணீரைப் பின்னால் தள்ளும், கப்பல் முன்னால் போகும். எந்திர விவரம் இத்துடன் முடிந்தது.

ஊரில் அதைச் சக்கரக் கப்பல் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் நோம்பி, திருவிழா நாட்களிலும் அக்கரை வரை போய்த் திரும்பும். சும்மா தண்ணீரில் சுற்றிவரக் காசு கொடுத்து யார் ஏறுவார்கள் என்று முதலாளியின் மாமனாரே கேட்டாராம். மேச்சேரியிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்து ஏறினார்கள். எல்லாரும் வந்தது சக்கரத்தைப் பார்க்க. கிணற்று ஏற்றமும் கமலையும் தெரிந்த குடியானவர்கள் இல்லையா, தண்ணீரைத் தொடுகிற எந்தச் சாமானைக் கண்டாலும் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஒரு பெரியவர் அரை மணி நேரம் அசையாமல் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க தம்பி, இத்தன தண்ணிய அள்ளி அள்ளி ஊத்துதே, இது எந்தக் காட்டு வெள்ளாமைக்குங்க பாயுது?"

"எந்தக் காட்டுக்கும் பாயாதுங்கய்யா. தண்ணியத் தள்ளிக்கிட்டு கப்பல் போகுது, அவ்வளவுதான்."

"அப்ப அத்தனையும் வீணுங்களா?" என்று வருத்தப்பட்டுக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

சக்கரத்தை மூடி மரக்கூடு ஒன்று இருக்கும். உள்ளே சுற்றுவது வெளியே தெரியாது. ஜனங்கள் கம்பிக்கு மேலே தலையை நீட்டி நீட்டி எட்டிப் பார்த்தார்கள். யாராவது விழுந்து தொலைப்பார்களே என்று, நான் என் புத்தியைச் செலவழித்து, வலது கூட்டின் உள்பக்கத்தில் இரண்டு பலகைகளைக் கழற்றிவிட்டேன். கப்பல் தட்டில் நின்றபடியே சக்கரம் சுற்றுவதைப் பார்க்கலாம். கொஞ்சம் சாரல் தெறிக்கும். ஜனங்களுக்கு அதுவும் ஒரு குஷிதான். எங்கள் சாரங்கு அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயைத் திறக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வசதி.

சாரங்கு என்றால் கப்பலுக்குத் தலைவர். அவர் ரங்கூன் பக்கம் ஐராவதி ஆற்றில் இருபது வருசம் இந்த மாதிரிக் கப்பலிலேயே இருந்துவிட்டு வந்தவர். பேரை எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. நான் அவருக்குக் கீழே சுக்கான் பிடிக்கிறவன். சேர்ந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இந்தக் கப்பலக் கவுக்கறது எது தெரியுமா? காத்தும் இல்ல, அலையும் இல்ல. வேடிக்கைதான். ஒரு பக்கத்துல வேடிக்கை வந்துட்டா அத்தன பேரும் அந்தப் பக்கம் போயி நிப்பாங்க."

"போகாதீங்கன்னு சத்தம் போட மாட்டமுங்களா?"

"சத்தம் போட்டா என்ன ஆகும்? அத்தன பேரும் ஒண்ணா மறுபக்கம் ஓடியாருவாங்க. அப்பத்தான் கவுந்துரும். ஆளத் திருப்பாத. அவன் எதப் பாக்கறானோ அதத் திருப்பு."

சரிங்க என்று தலையாட்டினேன். உண்மையில் ஒன்றும் விளங்கவில்லை.

ஓர் ஆடி மாதம். ஆறு பொங்கி வந்து நீர்த்தேக்கம் தளும்பிக்கொண்டிருந்தது. அக்கரையில் முனியப்பன் கோயிலில் நோம்பி. காலையிலிருந்தே கரையில் கூட்டம். சாரங்குக்குக் குளிர் காய்ச்சல், கொட்டகையில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். "நீயே கொண்டு போ" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை, பெருமையில். எண்பது பேரை ஏற்றினேன். கூடவே ஒரு கிடாயும் ஏறியது.

செம்மறிக் கிடாய். மேச்சேரி ஆடு எல்லாருக்கும் தெரியும், செம்மண் நிறம், மொழுமொழுவென்று உடம்பு. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர், பின்னால் அவர் சம்சாரம், அந்த அம்மாவின் இடுப்பில் நாலு வயசுப் பெண் குழந்தை. எங்கே கட்டுவது என்று அந்த அம்மா கேட்டார். பின்னால் விறகு. முன்னால் சேலத்திலிருந்து வந்த ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்று, கிடாயைக் கண்டதுமே மூக்கைப் பொத்திக்கொண்டது. வலது சக்கரக் கூட்டுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கேயே கட்டச் சொன்னேன். நான் கழற்றிய பலகைகளின் நேர் எதிரே.

கட்டும்போது பேச்சுக் கொடுத்தேன். எனக்கும் வேடிக்கை கேட்கிற புத்திதான்.

"வேண்டுதலுங்களா அம்மிணி?"

"ஆமாங்க. புள்ள மூணு மாசம் காச்சல்ல கெடந்துச்சுங்க. எந்திரிச்சா காலு வரல. நடந்துட்டா முனியப்பனுக்குக் கெடாய் வெட்டறம்னு வேண்டிக்கிட்டமுங்க. நடந்துருச்சு. போன வருசமே கொண்டுக்கிட்டுப் போனம். பொழுதுக்கும் நின்னம். துளுக்கலீங்க."

ஆத்தூர்ப் பக்கத்துத் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கிடாயைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். அதன் மேல் தீர்த்தம் தெளித்து, சாமி, உனக்குச் சம்மதமா என்று கேட்பார்கள். கிடாய் உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும். அதுதான் துளுக்குவது. துளுக்கினால் சாமி ஒப்புக்கொண்டது, உடனே வெட்டு விழும். துளுக்காவிட்டால் எத்தனை நேரமானாலும் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

"சாமிக்கு எங்க மேல என்ன கோவமோ தெரியலீங்க. திரும்பி வந்ததுலருந்து புள்ளைக்கு மறுக்கா காலு பின்னுது. இந்த வருசமாச்சும் ஒத்துக்கோணும்" என்றார். குழந்தை இறங்கி இரண்டடி வைத்துக் காட்டியது. இடது கால் கொஞ்சம் இழுத்தது.

கிளம்பினோம். நடுத் தண்ணீருக்கு வந்தபோது எதிர்க்காற்று எழும்பியது. நான் மேலே சுக்கானில் நின்றேன். கீழே நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். காற்றோடு சேர்ந்து சக்கரத்தின் தண்ணீர் அந்தப் பலகைச் சந்து வழியாகக் குடம் சாய்த்த மாதிரி வந்து கிடாயின் மேல் விழுந்திருக்கிறது. கிடாய் ஒரு கணம் நின்று, தலையிலிருந்து வால் வரைக்கும் சிலிர்த்து உதறியிருக்கிறது.

"துளுக்கிருச்சு" என்று அந்த மனிதர் கத்தியது மட்டும் எனக்குக் கேட்டது.

அந்த ஒரு சொல் போதும். கப்பலில் ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதன் அர்த்தம் தெரியும். தெரியாதவர்கள் என்னவென்று பார்க்க வந்தார்கள். மூச்சு விடுவதற்குள் எண்பது பேரும் வலது பக்கம். என் காலடியில் தட்டு சாய்ந்தது. வலது சக்கரம் ஆழமாக முங்கி முக்கியது. இடது சக்கரம் தண்ணீரை விட்டு மேலே வந்து வெறுங்காற்றில் கடகடவென்று சுற்றியது. ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் தள்ளினால் கப்பல் எப்படி நேரே போகும்? மூக்கு இடது பக்கம் திரும்பியது. அங்கே முழுகிப் போன பனந்தோப்பு. மட்டை இழந்த மரங்கள் தண்ணீருக்குக் கீழே ஒரு முழத்தில் நின்றுகொண்டிருந்தன. சுக்கானை என் பலம் கொண்ட மட்டும் திருப்பினேன். அது என்னைச் சட்டை செய்யவில்லை.

எஞ்சின் ஆளுக்கு மணி அடித்து எஞ்சினை நிறுத்தச் செய்தேன். சத்தம் போட வாயைத் திறந்தேன். எல்லாரும் அந்தப் பக்கம் போங்கள் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் சாரங்கு சொன்னது உறைத்தது. எண்பது பேரும் எதைப் பார்க்கிறார்கள்? கிடாயை. அப்படியானால் நான் திருப்ப வேண்டியதும் கிடாயைத்தான்.

சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். ஓடவில்லை. ஓடினால் என்னைப் பார்த்து மிரளுவார்கள். வலது பக்கத் தட்டின் விளிம்பில் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. கிடாயின் கயிற்றை அவிழ்த்தேன்.

"ஏனுங்க, சாமி ஒத்துக்கிட்ட கெடாய இப்புடியா ஓரத்துல நிறுத்தறது? நடுவுக்குக் கொண்டாங்க."

"அது சரிதானுங்க" என்றார் அந்த மனிதர்.

ஒவ்வோர் அடியாக நடத்தினேன். அந்தக் கிடாய் எனக்குச் செய்த உபகாரம், முரண்டு பிடிக்காமல் வந்தது. அதன் பின்னால் இரண்டு பேர், நாலு பேர், பத்துப் பேர் என்று கண்ணை எடுக்காமல் கூட்டமும் வந்தது. நடுத்தட்டில் நிறுத்தியபோது சுற்றிலும் வட்டமாக நின்றுவிட்டார்கள். கப்பல் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது.

ஆனால் எஞ்சின் நின்ற கப்பலைக் காற்று மெல்லப் பனந்தோப்பின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. நான் உடனே மேலே போக வேண்டும். அதற்குள் அந்த மனிதர் பையிலிருந்து அரிவாளை எடுத்துவிட்டார்.

"இங்கியே வெட்டறமுங்க. சம்மதம் குடுத்த பொறவு நிறுத்தி வெக்கக் கூடாது. எங்க பழைய முனியப்பன் கோயிலும் இந்தத் தண்ணிக்கு அடியிலதானுங்க இருக்குது. சாமி இங்கதான் கேக்குது."

அவர் சொன்னது தப்பில்லை. அணை கட்டியபோது முழுகிய ஊரின் கோயில் அங்கேதான் எங்கோ இருந்தது. அக்கரையில் இருப்பது பிற்பாடு கொண்டுபோய் நட்ட கல். ஜவுளிக்கடைக்காரர் முன்னால் வந்தார். "இத்தனை பெண்டு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ரத்தம் சிந்தினால் நான் போலீசில் சொல்லுவேன்" என்றார். "சாமி காரியத்துல நீ யாரு" என்று நாலு இளவட்டங்கள் அவர் மேல் போனார்கள். ஒருவர் மேல் ஒருவர் கை வைத்தார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து தள்ள ஆரம்பித்தது, கப்பல் மறுபடி ஆடியது. அடியில் ஏதோ மரம் உரசுகிற சத்தம் காலில் தெரிந்தது.

அந்த இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன்.

"ஏனுங்க, கொஞ்சம் பொறுங்க. கெடாய் மேல விழுந்தது ஆத்துத் தண்ணி இல்லீங்க. அது பாய்லர்ல வெந்து கழிஞ்சு போற தண்ணி. எண்ணெயும் கரியும் கலந்தது. அது தீர்த்தமாகுங்களா? அதுக்குத் துளுக்குனது கணக்குங்களா?"

அந்த மனிதரின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் அரிவாளைக் கீழே போடவில்லை. நான் சொன்னதை நம்புவதா என்று என்னையும் கிடாயையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது அந்த அம்மா குழந்தையை இறக்கி விட்டுவிட்டு, கிடாயின் முதுகைக் கையால் வழித்து, உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, கயிற்றைப் பிடித்திருந்த என் கையில் நின்றது.

"அவரு சொல்றது நெசந்தானுங்க. எண்ணெ நாத்தம் அடிக்குது" என்றார் வீட்டுக்காரரிடம். "கோயில்லயே போயி முறையாக் கேப்பம். அருவாள உள்ள வையுங்க."

அவர் வைத்துவிட்டார். நான் மேலே ஓடினேன், இந்த முறை உண்மையாகவே ஓடினேன். பின்னுக்கு எடுத்து, திருப்பி, பனந்தோப்பை விட்டு வெளியே வந்தேன். என் பொய்க்குத் துணையாகச் சக்கர அச்சிலிருந்து கொஞ்சம் எண்ணெயும் தெறித்திருக்கிறதே, என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

அக்கரையில் கப்பல் நின்ற நேரத்தில் முதல் வேலையாக அந்த இரண்டு பலகைகளையும் பழையபடி அடித்தேன். பிறகு மனசு கேட்காமல் கோயில் பக்கம் போய்ப் பார்த்தேன். தீர்த்தம் தெளித்துத் தெளித்துப் பூசாரிக்குக் கை ஓய்ந்துவிட்டது. கிடாய் மரம் மாதிரி நின்றது. மற்றவர்களின் கிடாய்கள் ஒவ்வொன்றாகத் துளுக்கின, வெட்டு விழுந்தது, சோறு வெந்தது, சாப்பிட்டார்கள். அந்த மனிதர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமி கொடுத்ததை நான் தட்டிப் பறித்துவிட்டேன். குழந்தையின் கால் இனி எப்போது இழுத்தாலும் அதற்கு நான்தான் காரணம் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பொழுது சாயத் திரும்பினார்கள், கிடாயோடுதான். ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா காலையில் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்தார், குழந்தை மடியில் தூங்கியது. வீட்டுக்காரர் தள்ளி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அந்த அம்மாவின் பக்கத்தில் குந்தினேன்.

"அம்மிணி, காலையில நான் சொன்னது பொய்யிங்க. அது ஆத்துத் தண்ணிதான்."

"தெரியுமுங்க."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"மோந்து பாத்தனுங்களே. எண்ணெ நாத்தம் எதுவும் இல்ல. நல்ல பாசி வாசந்தான்."

"பொறவு ஏன் அப்புடிச் சொன்னீங்க?"

"உங்க கை நடுங்குச்சுங்க. பேச்சு மட்டும் தெளுவா இருந்துச்சு. இவரு என்னமோ பெரிய ஆபத்துக்குத்தான் இதச் சொல்றாருன்னு தோணுச்சு. அத்தன புள்ளைங்க இருந்துச்சுங்களே கப்பல்ல. எம் புள்ளைக்குக் கேக்கப் போயி இன்னொருத்தரு புள்ள தண்ணியில போறதுங்களா?"

"அக்கரையில துளுக்கலையே அம்மிணி. என்னாலதான."

அவர் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, குரலில் கலக்கம் இல்லை.

"ஒருக்கா சரின்னு சொன்ன சாமிய மறுக்கா கேட்டா என்னங்க சொல்லும்? கேட்டது நாந்தான். கெளம்புனதுலருந்து மனசுக்குள்ள கேட்டுக்கிட்டேதான் வந்தேன். கப்பல்லயே எனக்குச் சொல்லிருச்சு. அவருகிட்ட ஊட்டுக்குப் போயிப் பக்குவமாச் சொல்லிக்கறேன். நீங்க போயி ஓட்டுங்க, பொழுது போகுது."

போய் ஓட்டினேன்.

மறுநாள் முதலாளி எல்லாரையும் கூட்டி வைத்து என்னைப் பாராட்டினார். ஜவுளிக்கடைக்காரரே நேரில் வந்து சொல்லியிருக்கிறார், இந்தத் தம்பியின் சமயோசிதம் இல்லாவிட்டால் அன்றைக்கு எண்பது பேரும் ஜலசமாதி என்று. எனக்குச் சம்பளம் உயர்ந்தது. அந்த அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் பொய் சொன்னது தெரிந்துவிடும் என்று ஒரு சாக்கு. பாராட்டு பாதியாகிவிடும் என்பதுதான் நிஜம்.

சாரங்கிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் விட்டு எழுந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பலகையைக் கழற்றியதற்குத் திட்டுவார், கிடாயை நடத்தியதற்குத் தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்த அம்மா பேரென்ன?" என்றார்.

"கேக்கலீங்க."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவர் என்னைத் திட்டியதிலேயே பெரிய திட்டு அது.

அடுத்த ஆடியில் ஏணிப்படியில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஏற்றினேன். அவர்கள் வரவில்லை. ஒருவேளை வீட்டுக்காரர் நம்பவில்லையோ. ஒருவேளை வேறு கோயிலில் கும்பிட்டார்களோ. குழந்தைக்குக் கால் சரியாகி, வர வேண்டிய தேவையே இல்லாமல் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கப்பலைப் பிரித்து இரும்பாக விற்றுவிட்டார்கள், எனக்கும் கொஞ்ச நாள் வேலை இல்லை. அப்போது ஒரு சந்தை நாளில், அந்தக் கிடாயின் ஊராயிற்றே என்று, மேச்சேரிக்குப் போனேன். சந்தை வாசலில் ஆட்டு வியாபாரி ஒருவரிடம் விசாரித்தேன்.

"ஒரு அம்மாவத் தேடறனுங்க. பொண் கொழந்த ஒண்ணு, கால் கொஞ்சம் இழுக்கும். இல்ல, சரியாயிருக்கும்."

"பேரு என்னங்க?"

"தெரியாதுங்க."

"ஊட்டுக்காரரு பேரு?"

"தெரியாதுங்க."

"வேற ஏதாச்சும் அடையாளம் சொல்லுங்க."

சந்தையில் என்னைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கிடாய்கள் செம்மண் நிறத்தில் நின்றுகொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "ஒரு செம்மறிக் கெடாய் வெச்சிருந்தாங்க."

அந்த வியாபாரி சிரிக்காமல் இருக்க எவ்வளவோ முயற்சி செய்தார், பாவம்.